வலியும் துணையும்

1734-இல் நெசவாளர்க்கென அமைந்த சிந்தாதிரிப்பேட்டையில், மகனின் தோளைப் பற்றியவாறு ஆதிகேசவப் பெருமாளைச் சேவிக்க வருவோர் உளர். அவ்வாறு பற்றுதல் இழிவாகுமோ?

புண் ஆறினும் நரம்பின் வலி ஆறாதிருத்தல் உண்டு. பழுதுற்ற நரம்பு காயமின்றியே எரிச்சலை உணர்த்தும். பிறர் காணவியலாத இந்நோயை வீட்டாரிடம் மறைப்பதே அன்பெனப் பலர் எண்ணுவர்.

16-ஆம் நூற்றாண்டில் வாதநோயுற்ற மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி, குருவாயூரில் நாராயணீயம் பாடினார். அதனை ஏட்டில் எழுதியவர் அவர்தம் தம்பி என்பது மரபு. நூறு தசகங்களுக்கும் அக்கை துணைநின்றது.

தன் இயலாமையை ஒப்பும் கார்ப்பண்யம் சரணாகதியின் அங்கம். எம்பெருமானிடம் அதனைக் கூறுவோன் இல்லத்தாரிடம் மறைப்பின், அது பொறுமையன்று; செருக்கே. ஆயின் தாங்குவோரும் தளர்வர். அவர்தம் உறக்கத்தை வினவுதல் நோயுற்றோன் கடன். பாவும் ஊடையும் ஒன்றையொன்று தாங்கினாலன்றோ ஆடை!