ஏவல் மொழியோடு நின்றுவிடாதே, தம்பி!

வளைகுடாவில் கால்வைத்த முதல் வாரத்திலேயே நாலு அரபிச் சொல் உன் காதில் விழுந்துவிடும். தஆல் என்றால் வா. ரூஹ் என்றால் போ. ஜீப் என்றால் கொண்டு வா. சுரா சுரா என்றால் சீக்கிரம். வருஷக்கணக்காக இந்த நாலை வைத்தே காலம் தள்ளுகிறவர்கள் துபாயிலும் தோஹாவிலும் ரியாத்திலும் எத்தனை பேர்! நாலும் ஏவல். சொன்னதைக் கேட்டு நடக்கிற அளவுக்கு மொழி போதும் என்று உனக்கு அளந்து கொடுத்தது யார்? நீயேதான் அளந்துகொண்டாய். அந்தப் படியை இன்றே தூக்கி எறி!

எனக்கு மொழி வராது என்று மட்டும் சொல்லாதே. வீட்டுவேலைக்குப் போன நம் பெண்களைப் பார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள், குவைத்தில் ஓர் அடுப்படியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு அரபியில் பேரம் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பிள்ளைக்குக் கதை சொல்லித் தூங்க வைக்கிறார்கள். அதே ஊரில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் பட்டதாரிக்கு ஒரு வாக்கியம் முழுசாக வரவில்லை. நோன்பிலும் பெருநாளிலும், பிள்ளை பிறந்தபோதும் இழவு விழுந்தபோதும், அந்தப் பெண்கள் அந்த வீட்டு மனிதர்களோடு கூடவே இருந்தார்கள். நம் பட்டதாரி அறைக்குத் திரும்பி மலிவுப் பதிப்பு 'முப்பது நாளில் அரபி'யைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

மஜ்லிஸ் என்னும் விருந்தினர் கூடத்துக்குள் போ. அழைத்தால் மறுக்காதே. சலாம் சொல்லி உட்கார்ந்ததும் கஹ்வா வரும். ஏலக்காய் மணக்கும் அந்தக் காப்பியைப் பரிமாறும் முறை 2015-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. ஊற்றுகிறவரின் இடக்கையில் தல்லா என்னும் கூஜா, வலக்கையில் பிடியில்லாத சின்னக் கோப்பை. அதுதான் ஃபின்ஜான். வலக்கையால் வாங்கு. கால்வாசிதான் ஊற்றியிருப்பார். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதே. சூடு ஆறாமல் குடிக்கவும், மறுபடி மறுபடி ஊற்றி உன்னை இன்னும் கொஞ்சம் உட்கார வைக்கவும் செய்கிற உபசாரம் அது. கோப்பையை அப்படியே நீட்டினால் மறுபடி ஊற்றுவார். போதுமென்றால் லேசாக ஆட்டிக் கொடு.

அந்த நேரத்தில் காதைத் தீட்டிக்கொள். ஷ்லோனக், எப்படி இருக்கிறாய்? அல்ஹம்துலில்லாஹ், இறைவனுக்கே புகழ். கைஃப் அல்-அஹ்ல்? வீட்டில் எல்லாரும் சுகமா என்று இவர் கேட்க, அவர் கேட்க, அது முடியும் முன்னே வந்த காரியத்தைப் போட்டு உடைப்பவன் இங்கிதம் தெரியாதவன். ஒவ்வொரு வார்த்தைக்கும் பதில் வார்த்தை தயாராக இருக்கிறது. காலை வணக்கமாக சபாஹல் கைர் என்றால், பதிலுக்கு சபாஹந்நூர். முடி வெட்டிக்கொண்டு வந்தவரிடம் நஈமன் சொல்ல வேண்டும். சமைத்தவரிடம் ஒன்று, துக்க வீட்டில் ஒன்று. எந்த நேரத்துக்கு எந்தச் சொல் என்று வாழ்க்கையே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. நீ அந்த நேரத்தில் அங்கே இருந்தால் போதும். கெய்ரோவுக்குப் போனால் ஷ்லோனக் மாறி இஸ்ஸய்யக் ஆகும். புத்தக அரபி இன்னொரு தினுசு. அதற்காக மலைக்காதே. நீ இருக்கிற ஊரின் பேச்சைப் பிடி, அங்கிருந்து ஏறு.

தப்பாகப் பேசினால் சிரிப்பார்களா? சிரிக்கட்டுமே! 8-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திலிருந்து பஸ்ரா நகருக்குப் படிக்க வந்தான் ஓர் இளைஞன். ஆசிரியர் முன் நபிமொழியை வாசிக்கையில் ஒரு சொல்லின் விகுதியைத் தவறாக உச்சரித்தான். சபையிலேயே திருத்தப்பட்டான் என்பார்கள். இனி யாரும் என்னிடம் பிழை காணாத கல்வியைக் கற்பேன் என்று வைராக்கியம் கொண்டான். இலக்கண அறிஞர் கலீல் இப்னு அஹ்மதிடம் மாணவனாகச் சேர்ந்தான். அவன்தான் சீபவைஹி. அவன் எழுதிய அரபு இலக்கணத்தை 'அல்-கிதாப்', அதாவது 'அந்த நூல்' என்று மட்டுமே சொல்வார்கள். தாய்மொழி அரபியாக இல்லாதவன் அரபியருக்கு இலக்கணம் தந்தான், தம்பி!

அந்தக் கலீலிடம் கூஃபா நகரத்து இலக்கண அறிஞர் அல்-கிஸாயீ, இத்தனை அறிவை எங்கே பெற்றீர் என்று கேட்டாராம். ஹிஜாஸ், நஜ்து, திஹாமா பாலைகளில் என்றார் கலீல். கிஸாயீ உடனே கிளம்பினார். பாலைவன நாடோடிகளான பெதூயின் மக்களோடு வாழ்ந்து, அவர்கள் பேச்சை எழுதி எழுதிப் பதினைந்து புட்டி மை தீர்த்துத் திரும்பினார் என்று பழைய வரலாறு சொல்கிறது. பெரும் பண்டிதர்களே கூடாரத்துக் கூடாரம் நடந்து கற்ற மொழி இது. உனக்கோ ஆசிரியர் அடுத்த கடையில் உட்கார்ந்திருக்கிறார்!

தொண்டைக்குள்ளிருந்து வரும் ஐன் என்னும் எழுத்து முதலில் உன்னை மிரட்டும். ழகரம் உருட்டிப் பழகிய நாக்கு உன்னுடையது, மிரளாதே.

நாளைக்கே தொடங்கு. அந்த அடுத்த கடைப் பெரியவருக்கு சலாம் சொல். மூத்த மகன் பெயரைக் கேள். நம்மூரில் 'முருகன் அப்பா' என்று கூப்பிடுவதுபோல அங்கே அபூ சாலிம், அபூ காலித் என்றுதான் மரியாதையாக அழைப்பார்கள். மறுநாள் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடு. அவர் நிமிர்ந்து பார்த்து உன்னை உட்காரச் சொல்வார், நாலு கேள்வி கேட்பார், பாதி புரியாது. எழுந்து ஓடாதே. தெரிந்த பாதிக்குப் பதில் சொல், தெரியாத பாதியை அவரிடமே கேள்!