பாகங்கள் மாறிய காரின் அடையாளம்

துருப்பிடித்துக் கிடந்த பந்தயக் காரை நண்பர் இருவர் வாங்கி, பாகம் பாகமாக மாற்றிப் புதுப்பித்தால், முடிவில் நிற்பது அதே கார்தானா? கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பல் பற்றிப் பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க் பதிவு செய்த பழைய தத்துவச் சிக்கல் இது. பலகைகள் எல்லாம் மாறிய பின்பும் அது அதே கப்பலா என்று ஏதென்ஸில் வாதிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் அதை இன்னும் கடினமாக்கினார்: கழற்றிய பலகைகளைக் கோத்து இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸுடையது?

1990இல் இக்கேள்வி இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்துக்கே வந்தது. 1929, 1930 லெ மான் கார் பந்தயங்களில் வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' என்னும் பென்ட்லி காரை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், அது உண்மையான கார் அல்ல என்று பின்வாங்கினார்கள். வென்ற காலத்துப் பாகங்கள் அதில் மிகச் சொற்பமே எஞ்சியிருந்தன. ஆயினும் நீதிபதி ஓட்டன் விற்றவர் பக்கமே தீர்ப்பளித்தார். பந்தயத்துக்காகவும் விபத்துக்குப் பின்பும் அந்தக் கார் படிப்படியாக மாறியது. ஒரு கட்டத்திலும் இல்லாமற்போகவில்லை என்பதே அவர் காட்டிய காரணம்.

தீர்ப்பு நியாயமானது. அறுபடாத வரலாறே ஒரு பொருளை அதுவாக வைத்திருக்கிறது. பழைய சேசிஸ் எண் தகட்டை மட்டும் பொருத்திப் புதிதாகக் கட்டிய காருக்கு, அதே கார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை கிடையாது.