நிமிர்ந்து உட்கார், நெஞ்சம் உன் வசம்!

திருப்பரங்குன்றத்தில் பஸ் ஏறி, வடபழஞ்சி ஐ.டி. பூங்காவில் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன் குனிந்து கிடக்கும் தம்பி, தங்கையே! உன்னிடம்தான் பேசுகிறேன்.

நெஞ்சில் சுருக்கென்று குத்துகிறதா? ‘ஹார்ட் அட்டாக்கோ’ என்று உடம்பு வெலவெலக்கிறதா? கூச்சப்படாமல் டாக்டரிடம் போ. நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடு. முதலில் இதயம், மற்றதெல்லாம் பிறகு.

இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, ‘இதயத்தில் குறையில்லை’ என்று டாக்டர் சொன்ன பின்னும் வலிக்கிறதா? கழுத்தைக் காட்டு. மார்புத் தசைகளுக்கான நரம்புகள் கழுத்தின் கீழ்ப்பகுதியிலிருந்துதான் கிளம்புகின்றன. அங்கே நரம்பு வேர் நசுங்கினால் நெஞ்சும் வலிக்கும். நிமிர்ந்திருக்கும்போது தலையின் எடை ஐந்து கிலோ அளவுதான். 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் ஏறும் சுமை சுமார் 27 கிலோ என்று 2014-இல் கணக்கிட்டார் அமெரிக்க மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ். பாதி சிமென்ட் மூட்டைக்கும் மேல்! அதை இறக்கி வைக்க உன்னால் முடியும்.

முதுகை நாற்காலியில் ஒட்டி உட்கார். பார்வை நேராக இருக்கட்டும். முகவாயை உள்ளே இழு. ஐந்து எண்ணும்வரை நிறுத்து, விடு. இப்படிப் பத்து முறை. அடுத்து, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் நெருக்கு. பிறகு வாசல் நிலையில் இரு கைகளையும் ஊன்றி, ஓர் அடி முன்வைத்து மார்பை விரி. வலி கூடினால் நிறுத்து. கை மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ உடனே டாக்டரைப் பார்.

பிசியோதெரபிஸ்ட் இறுகிய தசையைத் தளர்த்துவார், வழி காட்டுவார். அன்றாடம் செய்ய வேண்டியவன் நீ, செய்ய வேண்டியவள் நீ! 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கும் வீடு தேடிப் போய் பிசியோதெரபி தருகிறார்கள். அவர்களே விடாமல் முயலும்போது, பஸ்ஸுக்கு ஓடும் கால் படைத்த உனக்கு என்ன குறை?

மானிட்டரைக் கண் மட்டத்துக்கு உயர்த்து. அரை மணிக்கொரு தரம் எழுந்து நட. ஒரே நாளில் வலி போகாது. வாரக்கணக்கில் விடாப்பிடியாகச் செய்பவருக்கே கழுத்து வலுப்படும். பயந்து பயந்து நெஞ்சைத் தடவிய கையை இனி உழைப்புக்குத் திருப்பு. திங்கட்கிழமைக்குத் தள்ளாதே. இந்த வரியைப் படித்த கையோடு முகவாயை உள்ளே இழு. ம், எண்ணு!