இடைகழியில் நாலாவது ஆள்

(கடல்மல்லையில் ஐப்பசி மாதம் முதலாழ்வார் திருநாளை ஒட்டி நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஐப்பசித் திருவோணம், அவிட்டம், சதயம். அடுத்தடுத்த மூன்று நட்சத்திரங்களில் மூன்று ஆழ்வார்கள். காஞ்சியில் திருவெஃகாப் பொய்கையின் தாமரையில் பொய்கையாழ்வார். நாம் உட்கார்ந்திருக்கிறோமே, இந்தக் கடல்மல்லையில், குருக்கத்திப் பூவில் பூதத்தாழ்வார். மயிலையில் ஒரு கிணற்றில் பூத்த செவ்வல்லியில் பேயாழ்வார். மூவரும் ஓர் ஊரில் ஒரு நாளுக்கு மேல் தங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தவர்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்.

செங்கற்பட்டிலிருந்தும் காட்டாங்குளத்தூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் முதலாண்டு மருத்துவப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். இங்கேயே சிற்பக் கல்லூரியில் உளி பிடிக்கச் சேர்ந்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். ஹாஸ்டலுக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். பக்கத்து அறைக்காரன் பெயர்கூட இன்னும் பலருக்குச் சரியாகத் தெரியாது. அதனால் இன்றைக்கு அந்த மூவர் சந்தித்த கதையை உங்களுக்காகவே சொல்லப்போகிறேன்.

பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவலூர். இரவு, நல்ல மழை. பொய்கையார் ஒதுங்க இடம் தேடி ஒரு வீட்டு ரேழிக்குள் நுழைகிறார். மிருகண்டு முனிவரின் ஆசிரமத்து இடைகழி என்பார்கள். ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் அளவுதான் இடம். படுத்துவிட்டார். சற்று நேரத்தில் நம் ஊர் பூதத்தார் நனைந்துகொண்டு வந்து, இடம் உண்டா என்று கேட்கிறார். ஒருவர் படுக்கிற இடத்தில் இருவர் உட்காரலாமே என்று பொய்கையார் எழுந்து உட்கார்கிறார். பிறகு பேயார் வருகிறார். இருவர் உட்கார்ந்த இடத்தில் மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நிற்கிறார்கள்.

இதில் முதலில் வந்தவரைப் பாருங்கள். அவருக்குத்தான் இழப்பு அதிகம். படுத்திருந்தவர் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் நின்றார். இடம் முழுவதும் தமக்கென்று கிடைத்திருந்தும், "நான் முன்னால் வந்தவன்" என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. நம் கல்லூரிகளில் நடந்தது இதற்கு நேர் தலைகீழ். முன்னால் வந்தவன் கட்டிலில் படுத்துக்கொண்டு, பின்னால் வந்தவனை நிற்க வைத்தான். ராகிங் என்றார்கள், விளையாட்டு என்றார்கள். 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவம் படிக்கப் போன ஒரு பிள்ளையின் உயிரையே அது பறித்தது. அதற்குப் பிறகுதான் 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்தப் பிள்ளையின் தாயை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. சட்டம் கையைக் கட்டும். எழுந்து இடம் கொடுக்கும் மனத்தை நாம்தான் வளர்க்க வேண்டும்.

ஆழ்வார்களைப் பற்றிப் பெரியோர் சொல்வதில் இன்னொரு செய்தி. மூவருமே பூவில் தோன்றியவர்கள், தாய் வயிற்றில் பிறவாதவர்கள். அவர்களிடம் குலம் கேட்க வழியே இல்லை. ஹாஸ்டலில் முதல் நாள் என்ன கேட்கிறார்கள்? எந்த ஊர் என்று கேட்கிறார்கள், அது நல்ல கேள்வி. பிறகு மெதுவாக, ஊரில் எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, கும்பிடுகிற சாமி எது என்று போகிறார்கள். எதற்காக இந்தச் சுற்றிவளைப்பு என்று கேட்பவனுக்கும் தெரியும், பதில் சொல்பவனுக்கும் தெரியும். பிள்ளைகளே, அந்த இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். உங்களிடம் யாராவது கேட்டால் பதில் சொல்லாதீர்கள். திருக்கோவலூர் ரேழியில் இருட்டு. முகம்கூடத் தெரியாது. பக்கத்தில் நிற்பவரும் நனைந்திருக்கிறார் என்பது தெரிந்தால் போதுமானதாக இருந்தது.

கூடி வாழ்வது பெரியவர்களுக்கே கடினம் என்பதற்கும் நம் மாவட்டத்தோடு சேர்ந்த கதை ஒன்று இருக்கிறது. மதுராந்தகம் ஏரி காத்த ராமர் சந்நிதியில், மகிழமரத்தடியில், பெரிய நம்பிகள் ராமானுஜருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் செய்தார். பிறகு நம்பிகள் குடும்பத்தோடு காஞ்சிக்கு வந்து ராமானுஜர் வீட்டிலேயே தங்கினார். குருவும் சீடரும் ஒரே கூரையின் கீழ்! ஒருநாள் கிணற்றடியில் நம்பிகளின் தேவி குடத்துத் தண்ணீர், ராமானுஜரின் தேவி குடத்தில் சில துளி தெறித்துவிட்டது. அதற்காக வார்த்தை முற்றியது. நம்பிகள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் குடும்பத்தோடு திருவரங்கத்துக்குக் கிளம்பிவிட்டார். காலையில் குழாயடியில் பக்கெட் வரிசையில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடிக்கு நாலு குளியலறை, எட்டரைக்கு வகுப்பு. முறிவு அங்கேதான் ஆரம்பிக்கும்.

சேர்வதும் அங்கேயேதான் ஆரம்பிக்கும். இந்த ஐப்பசி மழையில் துணி காயாது. அறைக்குள் போட்டால் முடை நாற்றம். அதனால் வராந்தாவில் தூணுக்குத் தூண் கயிறு கட்டுவீர்கள். கொடி ஒருவனுடையது, கிளிப் இன்னொருவனுடையது, துணி எல்லாருடையதும். சாரல் திரும்பி அடிக்கும்போது யார் அறையில் இருக்கிறானோ அவன் ஓடி வந்து தன் சட்டையை மட்டும் எடுக்கிறானா, மொத்தத்தையும் சுருட்டிக்கொண்டு போகிறானா என்று கவனியுங்கள். மொத்தத்தையும் எடுத்தவனிடம் சாயங்காலம் எல்லாரும் துணி கேட்டுப் போவார்கள். அவன் கட்டிலில் அன்றுதான் முதல் சபை கூடும். ஒருவன் வீட்டிலிருந்து வந்த முறுக்கு டப்பாவைத் திறப்பான். நான் இதைச் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. பக்தியின் ஆரம்பப் பாடம் என்றே நினைக்கிறேன்.

இந்தத் தலத்துப் பெருமாள் கதையும் சோற்றில்தான் திரும்புகிறது. புண்டரீக முனிவர் பாற்கடல் நாதனுக்குத் தாமரை சாத்த வேண்டும் என்று கையால் கடலை இறைத்துக்கொண்டிருந்தார். ஒரு கிழவர் வந்து பசிக்கிறது என்றார். வந்தவர் யார் என்று முனிவருக்குத் தெரியாது. இருந்தும் வேலையை விட்டுவிட்டுச் சோறு கொண்டுவரப் போனார். திரும்பி வந்தால், அந்தப் பூவைத் தாமே சூடிக்கொண்டு பெருமாள் வெறுந்தரையில் பள்ளிகொண்டிருக்கிறார். ஆதிசேஷன் படுக்கை இல்லை. தலசயனம். ஹாஸ்டலில் கட்டில் கிடைக்காமல் பாய் விரித்துப் படுக்கிற பிள்ளை இந்த ஊரில் குறைப்பட வேண்டாம்.

கோயிலிலிருந்து வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் கிருஷ்ண மண்டபம். பல்லவச் சிற்பிகள் பாறையில் கோவர்த்தனத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். போகிறபோக்கில் செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், நின்று பாருங்கள். மேலே கல்மழை. கண்ணன் ஒரு கையால் மலையைத் தாங்குகிறான். கீழே ஒருவர் பசு கறக்கிறார், அந்தப் பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. தலையில் பானை சுமந்த பெண்கள் நிற்கிறார்கள். ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. மலைக்கடியில் ஒண்டிய ஆயர்பாடி, அன்றாட வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மழைக்கு ஒதுங்கியவர்களை இவ்வளவு நிம்மதியாகக் காட்டிய சிற்பம் வேறு இருக்குமா என்று எனக்குத் தோன்றும்.

ரேழிக்கு வருவோம். மூவர் நிற்கிற இடத்தில் திடீரென்று நெருக்கம் அதிகமாகிறது. நாலாவதாக யாரோ புகுந்து நெருக்குகிறார்கள். யார்? பார்க்க விளக்கு இல்லை. பொய்கையார் உலகத்தையே அகலாக்கி ஒரு விளக்கு ஏற்றிப் பாடினார். பூதத்தார் அன்பை அகலாக்கி இன்னொன்று ஏற்றினார். அந்த வெளிச்சத்தில் பேயார் கண்டுவிட்டார். திருமகளோடு பெருமாள் நடுவில் நிற்கிறார். ஆளுக்கு நூறு பாட்டாக மூன்று அந்தாதிகள் அன்று பிறந்தன.

பெருமாள் ஏன் நாலாவதாக வந்தார்? பொய்கையார் தனியாகப் படுத்திருந்தபோதே வந்திருக்கலாமே? வேதாந்த தேசிகர் தேஹளீச ஸ்துதியில் பெண்ணைக் கரைக் கரும்பு என்று இந்தப் பெருமாளைச் சொல்கிறார். மூன்று கவிகளும் நெருக்கியதில் சாறு வந்ததாம். கரும்பு தானாகச் சாறு தராது. ஆள் சேர்ந்து நெருக்க வேண்டும். தனி அறை கேட்டு வார்டனிடம் போகிற பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். படிப்புக்குத் தனிமை நல்லது என்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினெட்டு வயதில் பிறத்தியாரின் இருமல் சத்தம் கேட்டு விழித்துத் தண்ணீர் எடுத்துக் கொடுக்காத பிள்ளை, நாளைக்கு வார்டில் நோயாளிக்கு எப்படிக் கொடுக்கும்?

ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மருத்துவக் கலந்தாய்வு சுற்றுச் சுற்றாக நடப்பது உங்களுக்குத் தெரியும். அரசுக் கல்லூரிகளில் நூற்றுக்குப் பதினைந்து இடம் அகில இந்திய ஒதுக்கீடு. கடைசிச் சுற்றில் இடம் கிடைத்து, தமிழே தெரியாமல் ராஜஸ்தானிலிருந்தோ பீகாரிலிருந்தோ ஒரு பிள்ளை தாமதமாக வந்து இறங்குவான். அதற்குள் உங்களுக்குள் குழு சேர்ந்திருக்கும், மெஸ்ஸில் யார் எந்த மேசை என்பது முடிவாகியிருக்கும். செங்கற்பட்டு ஸ்டேஷனில் ரயில் விட்டு இறங்கி, மழையில் டிரங்குப் பெட்டியோடு அவன் படியேறி வருவான். கதவுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுந்து ஒரு பக்கம் பிடியுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், கையால் காட்டினாலே புரியும். அன்று இரவே மெஸ்ஸுக்கு உங்களோடு அழைத்துப் போங்கள். ரசம் எது, சாம்பார் எது என்று சொல்லிக் கொடுங்கள்.