இரும்புக்குள் ஒரு மரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இரும்பு உருக்கும் உலைகள் உண்டு. பழைய சைக்கிள், உடைந்த பீரோ எல்லாம் 1,500 டிகிரிக்கு மேல் கொதித்துக் குழம்பாகிவிடும். அச்சில் ஊற்றி அது ஆறும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. உள்ளே நுண்ணிய மரங்கள் முளைக்கின்றன! தண்டு, கிளை, கிளைக்குக் கிளை. சீக்கிரம் ஆறினால் கிளைகள் நெருக்கமாக, மெதுவாக ஆறினால் இடைவெளி விட்டு. இதற்குப் பெயர் டெண்ட்ரைட். கிரேக்க மொழியில் ‘டெண்ட்ரான்’ என்றால் மரம்.

உங்கள் மூளையிலும் டெண்ட்ரைட் இருக்கிறது. நரம்பு செல்லின் கிளைகளுக்கும் அதே பெயர்தான். அவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து வரைந்த ஸ்பெயின்காரர் ரமோன் இ கஹால், 1906-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பெயர் ஒன்று, சங்கதி வேறு. இரும்பின் கிளை சரியில்லையா, மறுபடி உருக்கி ஊற்றலாம். நரம்புக் கிளை பழகப் பழக மாறுவது. புழங்கும் இணைப்பு வலுக்கும், புழங்காதது மெலியும்.

இப்போது உலையின் முன்னால் நிற்பவரை நினைத்துப் பாருங்கள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ ரயிலேறி வந்த இளைஞர். வருஷக்கணக்கில் ஒரே வேலை. குழம்பின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லும் கண் அவருக்கு வாய்த்திருக்கிறது. அதுவும் தலைக்குள் வளர்ந்த கிளைதான்; யாரும் அதைப் படிப்பு என்று சொல்வதில்லை. வளர நேரமே கிடைக்காத மற்ற கிளைகள்?

‘அதான் கூலி கொடுக்கிறாங்களே’ என்பீர்கள். கூலி அவருடைய நேரத்துக்கு. அந்த நேரம் அவரை என்னவாக ஆக்கியது என்பதற்கு யார் கணக்கு வைப்பது? உங்கள் வீட்டுத் தூணில் இருக்கும் கம்பி அவர் ஊற்றிய இரும்பாக இருக்கலாம். தவறாக வார்த்த கம்பியைத் திரும்ப உலையில் போடலாம். அவருடைய இருபது வயதை எந்த உலையில் போடுவது?