செஞ்சோற்றுக் கடனும் காயப்பட்ட கையும்

ஒன்ராறியோவில் எம்மவர் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் கதை இது. உணவகச் சமையலறையில் ஒருவருடைய கையில் கொதி எண்ணெய் கொட்டிவிடுகிறது. முதலாளியே அவரைக் காரில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போகிறார். வழியில், "தம்பி, வீட்டிலை சமைக்கேக்கை பட்டது எண்டு சொல்லும். மிச்சத்தை நான் பார்க்கிறன்" என்கிறார். காயப்பட்டவரும் தலையாட்டி விடுகிறார். வந்த புதிதில் வேலை தந்தவர், ஊரவர், கோயில் திருவிழாவில் உபயகாரர். அவருக்கு எதிராக வாய் திறப்பதா? செஞ்சோற்றுக் கடன் என்று ஒன்று உண்டல்லவா?

இந்தத் தலையாட்டல் நன்றியறிதலா, அன்றி வேறொன்றா என்பதைச் சற்று நிதானமாகச் சிந்திப்பது நன்று.

செஞ்சோற்றுக் கடன் என்றதும் கர்ணன் நினைவுக்கு வருகிறான். துரியோதனன் அவனுக்கு அங்க தேசத்தையே கொடுத்தான். எம்மவருக்குக் கிடைப்பதோ மணித்தியாலச் சம்பளம். அதற்கு ஈடாக உழைப்பையும் கொடுத்தாகிவிட்டது. மேற்கொண்டு அன்பும் மரியாதையும் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் சம்பளத்துக்குக் கையை எவரும் விற்கவில்லை. காரில் ஏற்றிச் சென்றதைப் பெரும் கருணையாக நாம் எண்ணுகிறோம். காயப்பட்டவரை வைத்தியரிடம் கொண்டு செல்ல ஏற்பாடு செய்வதும், அன்றைய நாட் சம்பளத்தை முழுதாகக் கொடுப்பதும் இந்த மாகாணச் சட்டப்படி முதலாளியின் கடமை.

நட்டஈடு கேட்பது கையேந்துவது போன்றது என்ற கூச்சமும் எம்மிடையே உண்டு. இதன் வரலாற்றை அறிந்தால் அந்தக் கூச்சம் குறையும். முன்னைய நாட்களில் வேலையில் காயப்பட்டவர் நீதிமன்றம் சென்று, முதலாளியின் தவறே காரணம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. ஏழைத் தொழிலாளிக்கு அது இயலுமான காரியமா? நீதிபதி வில்லியம் மெரெடித் 1913 இல் அளித்த அறிக்கையை ஒட்டி 1914 இல் சட்டம் நிறைவேறி, 1915 இல் நடைமுறைக்கு வந்தது. அது ஒரு கொடுக்கல் வாங்கல். தொழிலாளர் முதலாளிமீது வழக்குப் போடும் உரிமையை விட்டுக் கொடுத்தார்கள். பதிலாக, யார் பிழை என்று கேளாமல் சிகிச்சையும் வருமானமும் தரப்படும், அதற்கான பணத்தை முதலாளிமார் ஒரு பொது நிதியில் செலுத்துவார்கள் என்று ஆயிற்று. ஆகவே இது தர்மப் பணம் அன்று. இதற்குரிய விலையை, வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே கட்டிவிடுகிறார்கள்.

அந்த நிதியை இன்று நிர்வகிப்பது வேலைத்தலப் பாதுகாப்புக் காப்புறுதிச் சபை. மருந்து, உடற்பயிற்சிச் சிகிச்சை, சிகிச்சைக்கான பயணச் செலவு ஆகியவற்றை அது ஏற்கிறது. வேலைக்குப் போக முடியாவிட்டால் இழந்த நிகர வருமானத்தில் 85 வீதம் தருகிறது. "வீட்டில் பட்டது" என்றால் வைத்தியர் செலவை மாகாண சுகாதாரக் காப்புறுதி பார்த்துக்கொள்ளும். மருந்துக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் பெரும்பாலும் சொந்தக் காசுதான். "மிச்சத்தை நான் பார்க்கிறன்" என்ற வாக்கு இரண்டு கிழமை தாங்கும். ஒரு வருடம் கழித்து விரல் மடங்காமற் போனால்? அன்று வைத்தியர் எழுதிய குறிப்பில் "வீடு" என்றுதான் இருக்கும்.

முதலாளியைக் கொடியவர் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. அவரும் ஒருகாலம் பாத்திரம் கழுவியவராக இருக்கலாம். விபத்துகள் பதிவானால் கட்டணம் கூடுமோ என்ற அவரது பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆனால் அறிவிப்பது வேறு, குற்றஞ்சாட்டுவது வேறு. யார் பிழை என்றே கேட்காத ஓர் ஏற்பாட்டில் படிவம் நிரப்புவது எப்படித் துரோகமாகும்?

"எனக்கு ஒன்றும் வேண்டாம், நானாகவே விட்டுக் கொடுக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் என்ன என்று கேட்கலாம். அப்படி எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்கிறது சட்டம். ஒரு மனிதன் பெருந்தன்மையாக நடக்கவும் இடமில்லையா என்று முதலில் தோன்றும். கர்ணனிடமே திரும்புவோம். கவசத்தையும் குண்டலத்தையும் கேட்டு வந்தவனிடம் அவன் இல்லையென்று சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடியவன் கொடுத்தான், ஆகவே அது தானம். அடுத்த கிழமை வேலை நேரத்தைக் குறைத்துவிடுவார்களோ, வாடகைக்கு என்ன செய்வது என்று அஞ்சுகிறவருக்கு மறுக்கும் வசதி இல்லை. அவருடைய சம்மதத்தைத் தானம் என்று எப்படிச் சொல்வது? இந்த இடத்தில் சட்டத்தை எழுதியவர்கள் எம்மைவிட நுணுக்கமாகச் சிந்தித்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. எண்ணெய்ச் சட்டி அதே இடத்தில்தான் இருக்கிறது. பதிவே இல்லாத விபத்தைப் பற்றி எவரும் விசாரிக்கப் போவதில்லை. நாளை அதே இடத்தில் நிற்கப் போகிறவர் வேறொரு வீட்டுப் பிள்ளை. அவரையும் சேர்த்து விட்டுக் கொடுக்க எமக்கு உரிமை உண்டா?

இல்லாத நோவைச் சொல்லிப் பணம் பெறுகிறவர்களும் இருக்கிறார்கள்தாம். அதுவும் பொய்யே. ஆனால் அதைச் சாட்டாக வைத்து உண்மையாகக் காயப்பட்டவரின் வாயை அடைப்பது நியாயமன்று. இவ்வாறான விடயங்களில் கோயிற் பெரியவர்களைச் சமாதானம் பேச அழைப்பதும் நடக்கிறது. பேசட்டும், நல்லதே. படிவம் போன பிறகு பேசட்டும்.

காயப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தமது கோரிக்கையை அனுப்ப வேண்டும். வைத்தியம் தேவைப்பட்ட காயம் என்றால், முதலாளி தாம் அறிந்து மூன்று வேலை நாட்களுக்குள் சபைக்கு அறிவிக்க வேண்டும். சட்டத்துக்கு உட்பட்ட தொழிலானால், முதலாளி பதிவு செய்யாமல் கையிற் காசாகச் சம்பளம் கொடுத்திருந்தாலும் தொழிலாளிக்கு உரிமை உண்டு. தொழிற்சங்கம் இல்லாதவர்களுக்கு மாகாண அரசின் தொழிலாளர் ஆலோசகர் பணியகம் இலவசமாக உதவுகிறது. சிகிச்சை அளிப்பவரும் ஒரு படிவம் அனுப்புவார். அவரிடம் முதல் நாளே "வேலையில் பட்டது" என்று சொல்லிவிட வேண்டும்.