கழற்றும் முன் ஒரு கேள்வி

சரஸ்வதி பூஜையன்று நம் வீடுகளில் புத்தகங்களோடு பேனாவையும் வைத்துப் படைக்கிறோம். சென்ற ஆண்டு படையலில் வைக்க அம்மா எடுத்துக் கொடுத்தது தாத்தாவின் பேனா. தாத்தா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பேனா எழுதவில்லை. கறுப்பு நிறம் மங்கிப் பழுப்பாகிக் கிடந்தது. "நீதான் இந்த வேலையெல்லாம் செய்வியே, சரி பண்ணிக் கொடுப்பா" என்றார் அம்மா.

அது கையால் செய்த எபோனைட் பேனா. தமிழகத்திலிருந்து யாரோ வாங்கி வந்தது. எபோனைட் வேறொன்றுமில்லை, ரப்பர்தான். ரப்பரோடு கந்தகத்தை நிறையக் கலந்து நெடுநேரம் சூடாக்கினால் மரக்கட்டைபோல் இறுகிவிடும். அந்தக் கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் ஒவ்வொன்றாகக் கடைந்து பேனா செய்வார்கள். திருவள்ளூரிலும் ஆந்திராவின் ராஜமுந்திரியிலும் இன்றும் செய்கிறார்கள். பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த கையில் இருந்ததும் ரப்பர்தான்!

கழற்றுவது பெரிய வித்தை இல்லை. பொறுமைதான் வேண்டும். கழுத்துப் பகுதியைத் திருகி எடுத்து, ஓர் இரவு முழுக்கச் சாதாரணத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். சுடுநீர் கூடாது, எபோனைட் இன்னும் நிறம் மாறிவிடும். காய்ந்த மை கரைந்த பிறகு நிப்பையும் அதன் அடியில் இருக்கும் நாக்கையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வரவில்லையென்றால் மறுபடி ஊறப்போட வேண்டும். பலவந்தம் செய்தால் உடையும்.

இதுவரை நன்றாகத்தான் செய்தேன். தவறு அடுத்துதான் நடந்தது.

"அண்ணே, இந்தப் பழுப்பையும் எடுத்துட்டா புதுசு மாதிரி ஆயிடும் லா" என்றான் சித்தப்பா மகன். எனக்கும் ஆசை வந்தது. மேல் பரப்பைத் தேய்த்தால் உள்ளே கறுப்பு அப்படியே இருக்கும். நைசான உப்புத்தாளால் மூடியின் நுனியைத் தேய்த்தேன். பத்தே நிமிடத்தில் பளபளவென்று ஆனது. பெருமையோடு அம்மாவிடம் காட்டினேன். அவர் விரலால் தடவிப் பார்த்தார். "இங்க பல்லு பட்ட குழி இருக்குமே. யோசிக்கிறப்ப தாத்தா கடிப்பாரு" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

கழுவிய மையை மறுபடி ஊற்றலாம். தேய்த்த ரப்பர் திரும்பி வராது. நிப்பைக் கழுவியது பேனாவுக்காக. மூடியைத் தேய்த்தது என் கண்ணுக்காக. இரண்டையும் 'சரி செய்வது' என்ற ஒரே பெயரில் நான் செய்துவிட்டேன்.

"இது வெறும் பற்றுதானே? பற்றை விடச் சொல்வதுதானே நம் சமயம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் கோயில்களையே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக் குடமுழுக்கு செய்கிறோமே! புதுப்பிப்பது தவறென்றால் திருப்பணியே கூடாதே. ஆனால் திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்கிறோம். மூலவரின் சக்தியைக் கும்பத்திலோ படத்திலோ எழுந்தருளச் செய்து, தனியிடத்தில் வைத்துப் பூஜை நடத்திய பிறகே உளி எடுக்கிறோம். எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அப்புறம்தான் கை வைக்கிறோம். நான் உப்புத்தாளை எடுத்தபோது அந்த நிதானம் இல்லை. பற்றை நானும் விடவில்லை; என் பற்று பளபளப்பின் மேல் இருந்தது, அவ்வளவுதான்.

இளைஞர்களாகிய நாம் பெரியவர்கள் விட்டுச்சென்ற பலவற்றைத் திருத்த விரும்புகிறோம். திருத்தத்தான் வேண்டும். சாதிப் பாகுபாடு காய்ந்துபோன மை. அது அடைத்துக்கொண்டிருக்கும்வரை எதுவும் ஓடாது, தயங்காமல் கழுவுவோம். ஆனால் பாட்டியின் பேச்சுவழக்கு, தோட்டத்துச் சிறு கோயிலின் எளிய வழிபாடு, இவையெல்லாம் பழசாகத் தெரிகின்றன என்பதற்காகவே தேய்த்து எடுத்துவிட வேண்டுமா? இது வேலையைத் தடுக்கிற அழுக்கா, அல்லது ஒருவர் வாழ்ந்த தடமா? கழற்றும் முன் இதைக் கேட்க வேண்டும். நமக்குத் தெரியவில்லையென்றால் தெரிந்தவரைக் கேட்க வேண்டும். அன்று அடுத்த அறையில்தான் அம்மா இருந்தார். நான் கேட்கவில்லை.

பேனாவின் உடலில் தாத்தா ஊசியால் கீறிய பெயர் இருக்கிறது. அங்கே உப்புத்தாள் படவில்லை. மரையில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவி, மை ஊற்றி, படையலில் வைத்தோம். மறுநாள் அம்மா அதை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டார். நன்றாக எழுதியது. மூடியின் நுனி மட்டும் இன்னும் பளபளக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.